4417ஆம் தாளின் பதினைந்தாவது சீட்டு

அந்தக் கட்டடத்துக்குள் ஒரு செடி வர வேண்டுமானால் முதலில் அது செத்திருக்க வேண்டும். பிறகு தட்டையாக வேண்டும். பிறகு ஒரு தாளில் தைக்கப்பட்டு, எண் குத்தப்பட்டு, வலது கீழ் மூலையில் பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டு, இரும்பு அலமாரிக்குள் போக வேண்டும். இவ்வளவும் ஆன பிறகுதான் அது செடி. அதுவரை வெளியே நின்று காற்றில் ஆடிக்கொண்டிருப்பதெல்லாம் வெறும் பச்சை.

உலர்செடிக் காப்பகம் என்று அதற்குப் பெயர். மூன்றாவது மாடி முழுக்கச் சூரியகாந்திக் குடும்பத்துக்கு. அந்தக் குடும்பத்துக்கு உலகம் முழுக்கப் பங்காளிகள். ஒரு மாடி போதாமல் படிக்கட்டிலும் அலமாரி போட்டிருந்தார்கள். அங்கே வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு பாடம் நடக்கும். நாம் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூ அல்ல. ஒரு தட்டில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்களின் கூட்டம். "ஒரு பூவைப் பாத்து ஒரு பூன்னு சொல்றவனுக்கு இந்த மாடியில வேலை இல்ல" என்று பாடம் முடியும்.

பசைக்காரருக்கு அந்த மாடியில்தான் வேலை. செடிக்குப் பெயர் மாறும்போதெல்லாம் புதுச் சீட்டை ஒட்டுவார். முப்பத்தொரு வருடமாக ஒட்டுகிறார். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் இருந்தும், மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் எதிரில் உட்கார ஆள் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்பு வரை எதிரில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அதே மாடியில்தான் வேலை. செடிகளைத் தாளில் ஊசிநூலால் தைப்பாள். அவள் போன பிறகு அந்த நாற்காலியில் யாரோ பழைய செய்தித்தாள் கட்டுகளை வைத்தார்கள். பசைக்காரர் செய்தித்தாள் கட்டுகளோடு சாப்பிட்டார்.

பெயர் ஏன் மாறுகிறது என்று கேட்கலாம். மறுவகைப்பாட்டுக் குழு என்று ஒன்று இருந்தது. அதில் தலைவரைத் தவிர இரண்டு பேர். ஒருவருக்கு எந்த இரண்டு செடியைப் பார்த்தாலும் ஒன்றாகத்தான் தெரியும்; அவரை இணைப்பு ஐயா என்பார்கள். இன்னொருவருக்கு ஒரே செடியைக் காலையில் ஒரு தரமும் மாலையில் ஒரு தரமும் காட்டினால் இரண்டாகத் தெரியும். அவர் பிரிப்பு ஐயா. தலைவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கடைசியாகப் பேசினவர் பக்கம் கையைத் தூக்குவார். ஒரு வருடம் இணைப்பு ஐயா கடைசியில் பேசுவார், நாற்பது இனங்கள் ஒன்றாகும். மறுவருடம் பிரிப்பு ஐயா கடைசியில் பேசுவார், ஒன்று நாற்பத்தாறாகும். இதைத்தான் வெளியே அறிவியல் வளர்ச்சி என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஒட்டுவதற்கு விதி இரண்டு. ஒன்று, புதுப் பெயர் வலது கீழ் மூலையில்தான் இருக்க வேண்டும்; வேறு இடத்தில் இருந்தால் பார்க்கிறவர் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். இரண்டு, பழைய சீட்டு எதையும் எடுக்கக் கூடாது. ஒவ்வொன்றும் குழுவின் தீர்மானம். ஆக, சீட்டுக்கு மேல் சீட்டு. முப்பது வருடத்தில் சில தாள்களின் மூலை கட்டைவிரல் தடிமனுக்கு வீங்கிப் போய், அலமாரிக் கதவு மூடாது. மூடுவதற்கென்று ஒரு ஆளைப் போட்டார்கள்.

அப்படி வீங்கின தாள்களில் 4417 தனி ரகம். பதினான்கு சீட்டு. சீப்புப் பல் மாதிரி இலை, ஏழு இதழோடு ஒரு வெள்ளைப் பூ. உலகத்திலேயே அந்தச் செடிக்கு இருந்த ஒரே தாள் அதுதான். அதைத் தேடி மூன்று தடவை மலைக்கு ஆள் அனுப்பினார்கள். முதல் குழு 'அரிது' என்று அறிக்கை கொடுத்தது. இரண்டாவது குழு 'மிக அரிது' என்றது. மூன்றாவது குழு, மழை பெய்ததால், 'அற்றுப்போனது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் இறங்கிவிட்டது. அன்று முதல் வருடம் ஒருநாள் அந்தச் செடிக்காக மாடி முழுக்க எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காப்பார்கள். பசைக்காரரின் மனைவி அந்த இரண்டு நிமிடமும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நிற்பாள். அவள் துக்கத்தைப் பாராட்டித் தலைவர் டைப் அடித்து ஒரு கடிதம்கூடக் கொடுத்தார்.

அந்த மனைவி செத்தபோது பசைக்காரருக்கு மூன்று நாள் விடுப்பு. நான்காம் நாள் ஏன் வரவில்லை என்று மெமோ வந்தது.

ஓய்வுபெற நாற்பத்தொரு நாள் இருக்கும்போது, வெளிநாட்டில் இருக்கும் மகள் போன் செய்தாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா."

"என்ன சாப்பிட்டீங்க?"

"அதெல்லாம் சாப்பிட்டேன்."

"அப்பா, அம்மா கையெழுத்துல ஏதாவது இருக்கா? ஒரு துண்டுக் காகிதம் போதும். போட்டோவா எவ்வளவோ இருக்கு. எழுத்து ஒண்ணுகூட என்கிட்ட இல்ல."

பசைக்காரர் வீடு முழுக்கத் தேடினார். அவள் எழுதுகிற ரகம் இல்லை. சமையலறை டப்பாக்களில்கூடப் பெயர் ஒட்ட விட்டதில்லை. "ஆபீஸ்ல ஒட்டுறது போதாதா? திறந்து பாத்தா என்னன்னு தெரிஞ்சுட்டுப் போகுது" என்பாள். அவள் போன பிறகு பதினேழு டப்பாவையும் ஒவ்வொன்றாகத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் அவர் சமைக்கக் கற்றுக்கொண்டார். இப்போதும் உப்பும் சர்க்கரையும் தகராறுதான்.

சட்டென்று ஒரு ஞாபகம் வந்தது. 4417. அதன் மூலையில், பதினான்கு சீட்டுக்கும் அடியில், முதலில் இருந்தது டைப் அடித்த சீட்டு இல்லை. நீல மை. சாய்ந்த எழுத்து. ஐந்தாறு வரி. அதைத் தைத்தவள் அவள். அப்போது இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, அவர் வேலைக்குச் சேர்ந்தே ஒரு வாரம்தான். அதன் மேல் முதல் சீட்டை ஒட்டியது அவரேதான். படிக்காமல் ஒட்டினார். அவள் அன்று சாயங்காலம் கேட்டது இப்போதுபோல் இருந்தது.

"4417ல சீட்டைப் படிச்சீங்களா?"

"படிக்கிறது என் வேலை இல்லீங்க. ஒட்டுறதுதான்."

"ஓ" என்றாள். பிறகு இருபத்தொன்பது வருடமும், அந்தத் தாளுக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது என்று அவர் வீட்டில் வந்து சொல்லும்போதெல்லாம், கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். ஏன் என்று கேட்டால், "உங்களுக்கே தோணும்போது தோணட்டும்" என்பாள். அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் மனுக் கொடுத்தார். சீட்டுகளை ஆவியில் இளக்கி எடுத்து, அடியில் உள்ளதைப் படித்துவிட்டு, மறுபடி ஒட்டிவிட அனுமதி வேண்டும் என்று.

குழு கூடியது. தலைவர் அறையில் நீள மேசை. தலைவருக்குப் பின்னால் ஜன்னல் விளிம்பில் ஒரு தொட்டி; அதில் ஏதோ வெள்ளையாகப் பூத்திருந்தது. உயிரோடு இருந்ததால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. மேசை ஓரத்தில் நடவடிக்கைக் குறிப்பு எழுத ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மினிட்ஸ் அம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

"சீட்டை எடுத்தா செடிக்குப் பேர் போயிடும்" என்றார் இணைப்பு ஐயா. "பேர் போனா அது செடியா? நாளைக்கு என் அறைக் கதவுல பலகையைக் கழட்டிட்டா நான் யாரு? எனக்கே தெரியாது. இது ஆபத்தான மனு."

பிரிப்பு ஐயா எழுந்தார். "பதினாலாவது சீட்டு யாரோடது? இணைப்பு ஐயாவோடது. ஒரு அப்பாவிச் செடியைக் கொண்டுபோய் இன்னொரு பேரினத்துல தள்ளின சீட்டு. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுது. விஞ்ஞானத்துல சொந்த விருப்பு வெறுப்புக்கு இடமில்ல. ஆனா அந்தச் சீட்டு போகணும்."

அவர் கடைசியாகப் பேசியிருந்தார். தலைவர் கை தூக்கினார். பதினான்காவது சீட்டை மட்டும் நீக்க அனுமதி.

பசைக்காரர் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியைக் காட்டி, மழுங்கிய கத்தியால் மெல்லத் தூக்கி எடுத்தார். எடுத்ததும் இன்னொரு விதி முன்னால் வந்து நின்றது. சீட்டு போனதால் செடியின் பெயர் பழைய பெயராகிவிட்டது. ஆகவே தாள் பழைய அலமாரிக்குப் போக வேண்டும். தாளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அறுபத்திரண்டாம் அலமாரியிலிருந்து ஒன்பதாம் அலமாரிக்கு நடந்தார். போன வருடம் ஒன்பதிலிருந்து அறுபத்திரண்டுக்கு நடந்தவரும் அவர்தான்.

இப்போது மேலே தெரிந்தது பதின்மூன்றாவது சீட்டு. அது பிரிப்பு ஐயாவுடையது.

அடுத்த கூட்டத்தில் இணைப்பு ஐயா கடைசியாகப் பேசினார். "என் சீட்டை எடுத்தவங்களுக்குப் பாடம் புகட்டணும்னு நான் நினைக்கல. அந்த மாதிரி அற்பத்தனம் எனக்குக் கிடையாது. இவரோட சீட்டும் போகட்டும்."

பசைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வேலை நடந்தது. இரட்டைப்படைச் சீட்டெல்லாம் இணைப்பு ஐயா, ஒற்றைப்படையெல்லாம் பிரிப்பு ஐயா. ஒருவர் சீட்டை மற்றவர் பிடுங்கப் பிடுங்க, பசைக்காரர் ஆவி காட்டிக்கொண்டே இருந்தார். தாள் ஒன்பதாம் அலமாரியிலிருந்து முப்பதுக்கு, முப்பதிலிருந்து படிக்கட்டு அலமாரிக்கு என்று போன வழியிலேயே திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சீட்டின் தேதியையும் அவர் பார்த்துக்கொள்வார். பதினொன்று, மகள் வெளிநாடு போன வருடம். அன்று விமான நிலையத்திலிருந்து நேராக அலுவலகம் வந்து ஒட்டினார். சீட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது.

பத்தாவது சீட்டில்தான் சிக்கல் வந்தது. அது 'அற்றுப்போனது' சீட்டு.

"இதை எடுத்தா செடி அற்றுப்போகல" என்றார் பிரிப்பு ஐயா. "அப்ப நாம ஒன்பது வருஷமா நின்ன மௌனம் என்ன ஆகறது?"

"ரத்து செய்யணும்" என்றார் இணைப்பு ஐயா.

"மௌனத்தை எப்படி ரத்து செய்யறது?"

வெகு நேரம் யோசித்தார்கள். கடைசியில் தீர்மானம் நிறைவேறியது. வருடத்துக்கு இரண்டு நிமிடம் வீதம் ஒன்பது வருடத்துக்குப் பதினெட்டு நிமிடம். மாடியில் உள்ள எல்லோரும் அவரவர் இடத்தில் எழுந்து நின்று பதினெட்டு நிமிடம் இடைவிடாமல் பேச வேண்டும். எதைப் பற்றி என்று வரையறை இல்லை. பேசாமல் இருப்பவர் மீது நடவடிக்கை.

மணி அடித்ததும் மாடி இரைந்தது. டைப்பிஸ்டுகள் இருவரும் மாமியார்களைப் பற்றிப் பேசினார்கள். கதவு மூடும் ஆள் கதவைப் பற்றிப் பேசினார். பிரிப்பு ஐயா தன்னைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினார். பசைக்காரர் ஜன்னலோரம் தன் மேசையருகே நின்றார். எதிரில் செய்தித்தாள் கட்டு. கண்காணிக்க வந்த மினிட்ஸ் அம்மா கடிகாரத்தைக் காட்டினார்.

"பேசுங்க சார். எழுதிக்க வேண்டியிருக்கு. சும்மா ஏதாவது பேசுங்க."

"யார்கிட்டம்மா பேசறது?"

"அது சர்க்குலர்ல இல்ல."

அவர் மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தார். வீங்கின மூலை. மெதுவாக ஆரம்பித்தார்.

"சர்க்கரை எந்த டப்பான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம் நீ. நேத்து காபியில உப்பு. கொட்டவும் மனசில்ல, குடிச்சேன். பொண்ணு உன் எழுத்து கேக்குறா. நான் அதுமேல ஒட்டிட்டேன். அன்னிக்கே படிச்சிருக்கலாம். நீ கேட்டப்பவாவது எடுத்துப் பாத்திருக்கலாம். ஒட்டுறதுதான் வேலைன்னு சொன்னேன் பாரு. அப்படி என்னதான் எழுதினே? குழாய் ஒழுகுது. மாடி வீட்டுக்காரர் காலி பண்ணிட்டார். ராத்திரி ரேடியோவை அணைக்கறதில்ல, அது பாட்டுக்கு..."

மணி அடித்தது. பதினெட்டு நிமிடம் முடிந்திருந்தது. மாடியில் எல்லோரும் சட்டென்று நிறுத்தினார்கள். பசைக்காரர் மட்டும் இன்னும் ஒரு நிமிடம் பேசினார். மினிட்ஸ் அம்மா அதைக் குறிப்பில் எழுதவில்லை.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஒன்பது, எட்டு, ஏழு. ஆறாவது சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் மரியாதைக்காக ஒரு முன்னாள் தலைவரின் மாமனார் பெயர் இருந்தது. அவருக்குச் செடிகள் என்றால் அலர்ஜி. ஐந்தாவது சீட்டைத் தவறுதலாக வேறு குடும்பத்தில் போட்டிருந்தார்கள். அதற்காகத் தாள் இரண்டு நாள் நான்காவது மாடிக்குப் போய்ப் புல்வகைகளோடு இருந்துவிட்டு வந்தது. முதல் சீட்டை எடுக்க வேண்டிய கூட்டம், பசைக்காரரின் கடைசி வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு வந்தது. குழுவின் கண்ணெதிரிலேயே எடுக்க வேண்டும் என்பதால் கெட்டிலைத் தலைவர் மேசைமேல் வைத்தார்.

ஆவி எழுந்தது. பழைய பசை, அவர் முதன்முதலாகக் காய்ச்சின பசை. இளகவே மாட்டேன் என்றது. கத்தி பாதியில் நின்றது. நிறுத்தி, மறுபடி ஆவி காட்டி, நகத்தால் ஓரத்தைத் தூக்கினார். சீட்டு கழன்று வந்தது. நீல மை லேசாகப் பரவியிருந்தது, ஆனால் எழுத்து இருந்தது.

"குறிப்புல ஏறணும். சத்தமாப் படிங்க" என்றார் தலைவர்.

பசைக்காரர் படித்தார்.

"புதிதாக வந்திருக்கும் பசைக்காரருக்கு. இது பழகுவதற்காகச் செய்த தாள். எண் குத்த அனுப்ப வேண்டாம். தண்டும் இலையும் சைக்கிள் நிறுத்துமிடத்துச் சுவரோரக் களை. பூ தலைவர் அறைத் தொட்டியில் பறித்தது. இரண்டையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். தையல் வெளியே தெரியாது. கண்டுபிடிக்கிறீர்களா பார்க்கலாம். கண்டுபிடித்தால் டீ நான் வாங்கித் தருகிறேன். இல்லாவிட்டால் நீங்கள்."

மினிட்ஸ் அம்மாவின் பேனா நின்றுவிட்டது. பிறகு ஒவ்வொருவராகத் தலைவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தார்கள். தொட்டியில் ஏழு இதழோடு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. தலைவரும் கஷ்டப்பட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கு நம்பர் இருக்கா?"

"இல்லீங்க" என்றார் மினிட்ஸ் அம்மா. "நான்தான் தினம் தண்ணி ஊத்தறேன்."

"நம்பர் இல்லாதது சாட்சி சொல்ல முடியாது" என்று தலைவர் திரும்பிக்கொண்டார்.

பிரிப்பு ஐயா எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "கனம் தலைவர் அவர்களே! இது ஒண்ணு இல்ல, ரெண்டுன்னு நான் எத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்தறேன்? இப்ப நிரூபணம் ஆயிடுச்சு. இதுல ரெண்டு செடி இருக்கு! அந்த அம்மா ஒரு தையல்காரி. அவங்களுக்குத் தெரிஞ்சது இந்தக் குழுவுல எனக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு."

இணைப்பு ஐயா மேசையைத் தட்டினார். "கடைசி வரியை விட்டுட்டு அதுக்கு முன்னாடி படியுங்க. 'சேர்த்து'ன்னு எழுதியிருக்கா இல்லையா? ரெண்டையும் சேர்த்து! சேர்க்கறதுதான் சரின்னு சொன்னவன் நான். என்ன, நான் வாயால சேர்த்தேன், அவங்க ஊசியால சேர்த்திருக்காங்க. வழிமுறைதான் வேற."

ஒன்றரை மணி நேரம் இருவரும் தாங்கள் ஜெயித்ததை விளக்கினார்கள். அன்று இருவரும் ஒரே நேரத்தில் பேச்சை முடித்ததால், தலைவருக்கு எந்தப் பக்கம் கை தூக்குவது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே ஒரு முடிவு எடுத்தார்.

"அந்தக் குறிப்பு டைப் அடிக்கப்படல. கீழே கையெழுத்து இல்ல. தேதி இல்ல. ஆகவே அது இல்லை. தாள் இருக்கும். செடி இருக்கும். பெயர், பரிசீலனையில். பதினைந்தாவது சீட்டா அதைப் போட்டு அஞ்சு மணிக்குள்ள ஒட்டிடுங்க. அப்புறம், பசைக்காரரே, நீண்ட நாள் ஓய்வு வாழ்வுக்கு வாழ்த்துகள். கெட்டில் ஆபீஸோடதா?"

"என்னுதுங்க."

"சரி."

பசைக்காரர் தாளோடு தன் மேசைக்கு வந்தார். செய்தித்தாள் கட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். நீல எழுத்தை மகளுக்காகப் போனில் படம் எடுத்தார். நான்காவது தடவைதான் எழுத்துத் தெளிவாக விழுந்தது. பிறகு, முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக, செடியைப் பார்த்தார். மூலையை அல்ல, செடியை. பூவுக்குக் கீழே, காம்பு தண்டோடு சேரும் இடத்தில், சுற்றிச் சுற்றிப் போட்ட பச்சை நூல். ஒரு நெல்மணி அகலம்கூட இருக்காது. தேடினால் தெரியும்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்போதுதான், இரண்டு நிமிட மௌனத்தில் அவள் எப்படி நின்றாளோ அதே மாதிரி தானும் இருக்கிறோம் என்று தெரிந்தது. அதன் பிறகு அது சிரிப்புதானா என்று அவருக்கே சந்தேகம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பென்சிலைச் சீவினார். அவள் எழுத்துக்குக் கீழே மிச்சமிருந்த விரலகல இடத்தில் எழுதினார். எழுத்து கோணலாகத்தான் வந்தது. எழுதுவது அவர் வேலை இல்லையே.

'கண்டுபிடிக்கல. நீ சொல்லித்தான் தெரிஞ்சுது. டீ என் செலவு.'

நாலே முக்காலுக்குப் பதினைந்தாவது சீட்டை ஒட்டி முடித்தார். தாளை வாங்க வந்த மினிட்ஸ் அம்மா மூலையைப் பார்த்துவிட்டு நின்றார். சீட்டின் மேல் ஓரம் மட்டும்தான் ஒட்டியிருந்தது. மற்ற மூன்று பக்கமும் விட்டு, ஒரு சின்னக் கதவு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது.

"என்ன சார் இது, கீழ்ப்பக்கம் ஒட்டவே இல்ல?"

"பசை தீந்துடுச்சும்மா."

"முப்பத்தொரு வருஷத்துல ஒருநாளும் தீரலையே?"

"இன்னிக்குத் தீந்துடுச்சு."

அந்த அம்மா பசைக் கிண்ணத்தைப் பார்த்தார். விளிம்பு வரை இருந்தது. தாளை வாங்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் நடந்தார். பாதி வழியில் நின்று, விரல் நுனியால் அந்தச் சீட்டைத் தூக்கிப் பார்ப்பது பசைக்காரருக்குத் தெரிந்தது. வெகு நேரம் அங்கேயே நின்றார்.

பசைக்காரர் கெட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். சைக்கிள் நிறுத்துமிடத்தில் சுவரோரம் சீப்புப் பல் இலையோடு அந்தக் களை மண்டிக் கிடந்தது. முப்பத்தொரு வருடமும் அதன்மேல்தான் சைக்கிளைச் சாய்த்து வைத்திருக்கிறார்.

வீட்டுக்குப் போய் இரண்டு டம்ளர் டீ போட்டார். ஒரு டப்பாவைத் திறந்து, நாக்கில் வைத்துப் பார்க்காமலே, இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி போட்டுக் கலக்கினார்.

உப்பு.

இரண்டு டம்ளரையும் மிச்சம் வைக்காமல் குடித்தார்.